படிவம் ஏழு-ஆவும் பதினொரு பணியாரமும்

இந்த வரலாற்றை எனக்கு முதலில் சொன்னவர் டோர்செட் பார்க்கில் எட்டாம் மாடியில் குடியிருக்கும் திருமதி யோகமலர் விநாயகமூர்த்தி. கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சலவை அறையில், துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று அவருடைய நாணயங்களை விழுங்கிவிட்டு மௌனம் சாதித்த வேளையில், தொடக்கம் முதல் இறுதி வரை ஒழுங்காகச் சொன்னார். அவர் சொன்னதில் நிறுத்தக்குறிகளைத் தவிர வேறெதுவும் இங்கே கூட்டப்படவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஸ்காபரோவில் சமூக நல்லிணக்க அலுவலகம் என்று ஒன்று இயங்கிவந்தது. ஒருவரோடு ஒருவர் சண்டையிடாத சமூகங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவை இனியும் சண்டையிடாமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை. சண்டையிடும் சமூகங்களுக்கு வேறு அலுவலகங்கள் இருந்தன. முந்திய ஆண்டில் அங்கே ‘உரையாடல்’ நாகரிகமாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ‘விழிப்புணர்வு’. இந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ‘பரிமாற்றம்’ என்ற சொல் வந்து சேர்ந்திருந்தது. ஒரேயொரு பரிமாற்றத்துக்கு மட்டும் பணமும் வந்திருந்தது.

பணிப்பாளர் திரு. பிரென்டிஸ் உலகப்படத்தை மேசைமேல் விரித்துவைத்து இரண்டு நாட்கள் ஆராய்ந்தார். மூன்றாம் நாள், பிரித்தானியரும் ஜப்பானியரும் உடனடியாகப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இரு நாடுகளும் தீவுகள். இரு நாட்டாரும் வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டுகின்றனர். தேநீர் அருந்தாமல் இரு நாட்டாரும் எந்த முடிவையும் எடுப்பதில்லை. இவ்வளவு ஒற்றுமை உள்ள இரு சமூகங்கள் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்வது ஆபத்தானது என்று அவர் ஊழியர் கூட்டத்தில் விளக்கினார்.

கூட்டத்தின் கடைசி நாற்காலியில் இருந்த விநாயகமூர்த்தி மரியாதையாகக் கையை உயர்த்தினார். அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், பதினாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே தற்காலிக ஒருங்கிணைப்பு உதவியாளர்.

“இலங்கையும் தீவுதான், ஐயா. நாங்களும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறோம். தேயிலை விளைவதே எங்கள் நாட்டில்.”

“நீங்கள் வேறு கோப்பு, மூர்த்தி,” என்றார் பணிப்பாளர் கனிவோடு. “நீங்கள் ‘புதிதாக வந்தோர்’. கையில் ஏதாவது சேர்ந்த பிறகுதான் பரிமாற முடியும்.”

விநாயகமூர்த்தி கையை இறக்கிக்கொண்டார். அவர் வாக்குவாதம் செய்யும் நிலையில் இல்லை. மனைவி யோகமலரின் தாயார் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் வேறு மூன்று பெண்களோடு காத்திருந்தார். அவரை இங்கே அழைப்பதற்கான பத்திரங்கள் எல்லாம் நிரப்பியாயிற்று. ஒன்று மட்டும் குறைந்தது: விநாயகமூர்த்தி நிரந்தர ஊழியர் என்று அலுவலகம் கொடுக்கும் கடிதம். பரிமாற்றத்தின் கோப்பை மார்ச் முடிவுக்குள் முறைப்படி மூடினால் அந்தக் கடிதம் தரப்படும் என்று பணிப்பாளர் வாக்களித்திருந்தார். மூடாவிட்டால் ஏப்ரல் முதலாம் தேதி அவர் நாற்காலியே இராது.

கோப்பை மூடுவதற்கு வேண்டியது படிவம் ஏழு-ஆ. அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: ‘மறுதரப்பினரிடமிருந்து எமக்கு வரவேண்டியதோ, மறுதரப்பினருக்கு நாம் தரவேண்டியதோ யாதொன்றும் இல்லையென இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.’ அதன் கீழே இரு தரப்பாரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு கையெழுத்துத்தானே, தேநீர் குடித்து முடிந்த கையோடு வாங்கிவிடலாம் என்று விநாயகமூர்த்தி நினைத்தார்.

ஒக்டோபர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை முதற் சந்திப்பு நடைபெற்றது. பிரித்தானிய மாதர் மன்றத்திலிருந்து, தலைவி திருமதி கிளடிஸ் ஹார்க்ரீவ்ஸ் உட்பட இருபத்தொருவர் வந்தனர். ஜப்பானிய மூத்தோர் சங்கத்திலிருந்து, தலைவி திருமதி ஹிசாயோ மட்சுபரா உட்பட இருபத்தொருவர் வந்தனர். விருந்தினர் அமராமல் தாம் அமர்வதில்லை என்பது பிரித்தானியரின் நிலைப்பாடு. ஜப்பானியரின் நிலைப்பாடும் அதுவே. இரு தரப்பும் மறுதரப்பையே விருந்தினராகக் கருதியதால் நாற்பத்திரண்டு பேரும் முப்பத்தைந்து நிமிடம் நின்றார்கள். காலநிலை பற்றி மட்டும் இடையிடையே கருத்துகள் வெளியிடப்பட்டன. ‘நின்ற நிலையில் ஆழ்ந்த மரியாதை பரிமாறப்பட்டது’ என்று விநாயகமூர்த்தி கூட்டக் குறிப்பில் எழுதினார்.

இறுதியில் அன்பளிப்புகள் கைமாறின. ஜப்பானியர் அரக்குப் பூசிய கறுப்புப் பெட்டி ஒன்றில் அரிசிமா இனிப்புகளைப் பட்டுத்துணியில் முடிந்து கொடுத்தார்கள். பிரித்தானியர் வெண்ணெய் பிஸ்கற் நிறைந்த அழகான தகரப்பேணி ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லோரும் வீடு திரும்பினார்கள். கோப்பு அன்றே மூடப்பட்டிருக்க வேண்டியது. பெட்டியும் பேணியும் திரும்பிப் போக வேண்டியிருந்ததால்தான் இந்தக் கதை நடந்தது.

இரு தலைவிகளும் தத்தம் கையில் இருந்த பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, உரியவரிடம் சேர்ப்பிக்கும்படி விநாயகமூர்த்தியிடம் கொடுத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. இரண்டையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் சமையல் மேசைமேல் வைத்தார்.

“இஞ்சருங்கோ, ஆரின்ர பெட்டி உது?” என்று கேட்டார் யோகமலர்.

“ஜப்பான்கார மனுசியின்ர. பேணி வெள்ளைக்காரியின்ர. திங்கட்கிழமை திருப்பிக் குடுக்க வேணும்.”

“வெறுமையாவோ?”

இது அரசாங்கக் கடமை என்றும், பெட்டி திரும்பினால் போதும், பெட்டிக்குள் எதுவும் திரும்ப வேண்டுமென்று சுற்றறிக்கை இல்லை என்றும் விநாயகமூர்த்தி விளங்கப்படுத்தினார். இரவல் வந்த சட்டி ஒரு பிடி சீனியாவது இல்லாமல் திரும்பிப் போகாத வீட்டில் வளர்ந்தவர் யோகமலர்.

“அரசாங்கம் வேணுமெண்டா வெறும் பெட்டி குடுக்கட்டும். என்ர வாசலாலை வெறும் பெட்டி போகாது. ஆக்கள் என்ன நினைப்பினம்?”

எந்த ஆக்கள் என்று விநாயகமூர்த்தி கேட்டார். ஆக்கள் என்றால் ஆக்கள்தான் என்று பதில் வந்தது.

அன்று பின்னேரம் அவர் பயற்றம் பணியாரம் சுட்டிருந்தார். பயற்றை வறுத்து இடித்து, தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் சேர்த்து உருண்டை பிடித்து, மாவில் தோய்த்துப் பொரித்த பணியாரம். பெட்டிக்குள் பதினொன்றை அடுக்கினார். அரசாங்க ஊழியர் பக்கம் சாயக்கூடாது என்பதற்காகப் பேணிக்குள்ளும் பதினொன்றை எண்ணி வைக்கும்படி விநாயகமூர்த்தியே சொன்னார்.

திருமதி மட்சுபரா பெட்டியை இரு கைகளாலும் வாங்கி, கொண்டுவந்தவர் முன்னால் திறப்பது பண்பல்ல என்பதால் உள்ளே வைத்துவிட்டு வந்து தலை வணங்கினார். திருமதி கிளடிஸ், கொண்டுவந்தவர் முன்னால் திறக்காவிட்டால் பண்பல்ல என்பதால் அங்கேயே திறந்து, ஒன்றைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். “இவ்வளவு அருமையாகச் செய்து அனுப்பியிருக்கிறார்களே, ஜப்பானியர்கள்,” என்றார். விநாயகமூர்த்தி திருத்துவதற்கு வாயைத் திறந்தார். ஒருங்கிணைப்பாளர் தம்மைப் பரிமாற்றத்தின் பகுதியாக்கிக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. அத்தோடு, மனைவியின் பணியாரத்தை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு புகழும்போது குறுக்கிட எந்தக் கணவனுக்கும் மனம் வராது. பேணி கிடைத்ததற்கான கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜப்பானியர் வழக்கப்படி ஓர் அன்பளிப்பைப் பெற்றவர் அதன் பெறுமதியில் பாதிக்குப் பதில் அன்பளிப்புச் செய்ய வேண்டும். கையால் செய்த பலகாரத்தின் பெறுமதியை எப்படி மதிப்பிடுவது என்று மூத்தோர் சங்கம் கூடி ஆலோசித்தது. குறைத்து மதிப்பிடுவதைவிடக் கூட்டி மதிப்பிடுவது மேல் என்று தீர்மானித்து, அதே பெட்டியில் உயர்ந்த ரகப் பச்சைத் தேயிலையை வைத்து அனுப்பியது. பிரித்தானியர் வழக்கப்படி ஓர் அன்பளிப்பைப் பெற்றவர் நன்றி மடல் எழுத வேண்டும். வெறும் மடல் மட்டும் அனுப்பினால் கருமித்தனம் என்று மாதர் மன்றம் கருதி, பேணியில் பழக் கேக் ஒன்றை வைத்து, அதன்மேல் மடலை வைத்து அனுப்பியது. உள்ளிருந்தவை தீர்ந்ததும் பெட்டியும் பேணியும் மறுபடி கழுவப்பட்டன. மறுபடி விநாயகமூர்த்தியின் கைக்கு வந்தன. மறுபடி யோகமலரின் குசினி வழியாகப் போயின.

நவம்பரில் அவர் வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய்வந்தார். தைமாதத்தில் வாரம் இருமுறை. பிரித்தானியர் குடை கொடுத்தார்கள். ஜப்பானியர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற பொம்மை கொடுத்தார்கள். அதற்கு ஈடாகச் செம்மறியாடுகள் மேயும் எண்ணெய்வண்ண ஓவியம் ஒன்று சட்டத்தோடு போயிற்று. அதற்கு ஈடாக, நாற்பது வயதான, முழங்கால் உயரமுள்ள பைன் மரம் ஒன்று தொட்டியோடு வந்தது. மரத்தை மடியில் வைத்துக்கொண்டு விநாயகமூர்த்தி லோரன்ஸ் வீதி பஸ்ஸில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த நம்மவர் ஒருவர், “என்ன அண்ணை, ஊருக்குப் போறியளோ?” என்று கேட்டார்.

பணிப்பாளர் பெருமகிழ்ச்சி அடைந்தார். இரு சமூகங்களுக்கும் இடையில் பதினேழு பரிமாற்றங்கள் என்று வரைபடம் கீறிச் சுவரில் தொங்கவிட்டார். அவருக்கும் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பணியாரம் கிடைத்திருந்தது. தமது அரையாண்டு அறிக்கையில், பிரித்தானியர் தரும் உருண்டை இனிப்பும் ஜப்பானியர் தரும் உருண்டை இனிப்பும் வியக்கத்தக்க அளவில் ஒத்திருப்பதாகவும், தீவு நாட்டுப் பண்பாடுகள் பற்றிய தமது கருத்து இதனால் நிரூபணமாவதாகவும் எழுதினார்.

படிவம் ஏழு-ஆ மட்டும் வெறுமையாகவே கிடந்தது. மாசி மாதக் கடைசியில் விநாயகமூர்த்தி அதை எடுத்துக்கொண்டு திருமதி கிளடிஸிடம் போனார். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மன்றத்துப் பியானோவைத் திருத்தச் சேர்த்த பணம் முழுவதும் அன்பளிப்புகளில் போய்விட்டதாம். ஆனால் கடைசியாக இனிப்பு அனுப்பியவர்கள் ஜப்பானியர். கடன் தம் பக்கம் நிற்கும்போது, தரவேண்டியது யாதொன்றும் இல்லை என்று எப்படி உறுதிப்படுத்துவது? திருமதி மட்சுபராவிடம் போனார். அவரும் குரலைத் தாழ்த்தினார். நயாகராவுக்கு உல்லாசப் பயணம் போவதற்கு வைத்திருந்த பணம் தீர்ந்துவிட்டதாம். ஆனால் கடைசியாக இனிப்பு அனுப்பியவர்கள் பிரித்தானியர்.

இரண்டு கடனும் தம்முடைய குசினியிலேயே உற்பத்தியாகின்றன என்பது அன்று பஸ்ஸில் வரும்போதுதான் விநாயகமூர்த்திக்கு உறைத்தது.

“இந்த முறை மட்டும் வெறுமையாய்க் குடுப்பம்,” என்றார் வீட்டில். “உம்மட பணியாரத்தாலைதான் உம்மட அம்மா வரமுடியாமல் கிடக்கிறா.”

அந்தக் கிழமைதான் தாயார் தொலைபேசியில், குளியலறைக்கு விடிய நாலு மணிக்கே வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். யோகமலர் பெட்டியை எடுத்து ஈரத்துணியால் துடைத்தார். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தார். பேணியையும் அவ்வாறே செய்து மூடினார்.

“நீங்களே கொண்டுபோங்கோ. நான் பாக்கேல்லை,” என்றுவிட்டு உள்ளே போனார்.

வெறும் பெட்டியும் வெறும் பேணியும் உரிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்து மாதங்களில் முதன்முறையாக வெறுமையாக வந்த பெட்டியை மூத்தோர் சங்கம் நடுவில் வைத்துச் சுற்றி அமர்ந்தது. எங்கே தவறிவிட்டோம் என்று ஆராய்ந்தது. பைன் மரம் சிறிதாக இருந்திருக்கலாம் என்று முடிவாயிற்று. வெறும் பேணியைக் கண்ட மாதர் மன்றம், செம்மறியாட்டு ஓவியத்தில் ஏதோ இழிவு கண்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தது. மன்னிப்புக் கேட்பதற்காக இரு தரப்பிலிருந்தும் ஐவர் அடங்கிய தூதுக்குழுக்கள் ஒரே நாளில், ஒரே மணிக்குப் புறப்பட்டன. கெனடி வீதியில் எதிரும் புதிருமாகக் கடந்து போயின. இரண்டும் மறுதரப்பின் மண்டபம் பூட்டிக் கிடப்பதைக் கண்டு, வாசலில் மன்னிப்பு அன்பளிப்பை வைத்துவிட்டுத் திரும்பின. திரும்பி வந்தபோது தத்தம் வாசலில் ஒரு மன்னிப்பு அன்பளிப்பைக் கண்டன. இப்போது, மன்னிப்புக் கேட்க வைத்ததற்காகவும் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, அந்த நிதியாண்டின் கடைசி வேலைநாள். இரு தலைவிகளும் அலுவலகத்துக்கு வரவழைக்கப்பட்டனர். அன்பளிப்புகளைச் சுமக்க ஒரு கை போதாது என்று விநாயகமூர்த்தி யோகமலரையும் அழைத்து வந்திருந்தார். நாற்பது நிமிடம் மன்னிப்புகள் பரிமாறப்பட்டன. பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தை மேசையில் வைத்தார். இருவரில் யாரும் பேனாவைத் தொடவில்லை.

“இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் திட்டம் தோல்வி என்று பதியவேண்டும்,” என்றார் பணிப்பாளர். “மூர்த்தி, வருந்துகிறேன்.”

விநாயகமூர்த்தி மனைவியைப் பார்த்தார். அவர் பேணியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் விதியை மீறிய குற்றம். சொல்லாவிட்டாலும் வேலை இல்லை. பதினாறு வருடக் கச்சேரி அனுபவத்தில், இரண்டு வழியும் ஒரே இடத்துக்குப் போகும்போது குறுகிய வழியே நல்லது என்று அவர் கற்றிருந்தார்.

“அந்த இனிப்பை அனுப்பியது இவர்களும் அல்ல, அவர்களும் அல்ல, ஐயா. என் மனைவி செய்தது.”

“எதற்காக?”

“பெட்டி வெறுமையாக இருந்தது.”

திருமதி கிளடிஸ் திருமதி மட்சுபராவைப் பார்த்தார். திருமதி மட்சுபரா விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். இனிப்புகளைக் கழித்துவிட்டால் கடன் யாருக்கும் இல்லை. ஐந்து மாதங்களில் முதன்முறையாக இருவரில் எவரும் ‘நீங்கள் முதலில்’ என்று சொல்லவில்லை. ஒரே பேனாவை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள்.

கையெழுத்திட்ட பிறகு இருவரும் யோகமலர் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் இடுப்பு வரை வணங்கினார். மற்றவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். முன்னூற்று எழுபத்து நான்கு பணியாரத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஊழியரின் குடும்பத்தார் அன்பளிப்பு வாங்குவது விதிப்படி தடை என்று பணிப்பாளர் இடைமறித்தார். அத்தோடு, பரிமாற்றம் என்பது கோப்பில் உள்ள இரு சமூகங்களுக்கு இடையே மட்டுந்தான். பிறகு அவர் எழுந்து விநாயகமூர்த்தியின் தோளில் தட்டினார். கோப்பு மிக அழகாக மூடப்பட்டுவிட்டது என்றும், மூடிய கோப்புக்கு ஒருங்கிணைப்பாளர் தேவையில்லை என்பதால் அவருடைய பதவி இத்துடன் அவசியமற்றுப் போகிறது என்றும், வாழ்த்துகள் என்றும் தெரிவித்தார்.

“அப்படியானால் இனிமேல் அந்த இனிப்பு எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?” என்று கேட்டார் திருமதி கிளடிஸ்.

இதுதான் இந்த வரலாற்றிலேயே எவரும் கேட்ட ஒரே அறிவார்ந்த கேள்வி. ‘பரிமாற்றம்’ போய், வருகிற நிதியாண்டுக்குத் ‘திறன் விருத்தி’ என்ற சொல் மேலிடத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தது. பணிப்பாளர் மறுபடி அமர்ந்தார். ‘தீவு நாடுகளின் மரபு இனிப்புகள்’ என்ற பயிற்சி வகுப்பு அந்த இடத்திலேயே பிறந்தது. அதற்கு நிரந்தர உதவியாளர் ஒருவர் வேண்டியிருந்தது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதியிட்ட நிரந்தர நியமனக் கடிதம் விநாயகமூர்த்திக்கு வழங்கப்பட்டது. அதை அவர் நான்கு பிரதி எடுத்தார்.

வகுப்பின் ஆசிரியர்கள் கோப்பில் உள்ள சமூகங்களைச் சேர்ந்தவர்களாக இருத்தல் வேண்டும். ஆகவே திருமதி கிளடிஸும் திருமதி மட்சுபராவும் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பணியாரம் சுடத் தெரியாத குறையை, யோகமலர் தமது குசினியில் இரண்டு கிழமை ஊதியமின்றித் தீர்த்துவைத்தார். கட்டணம் ஆளுக்கு இருபத்தைந்து டொலர். இடங்கள் முப்பது.

அந்த முப்பதில் இருபத்தாறு இடங்களை நம்மவர்களே நிரப்பினார்கள். ஒஷாவாவிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் கார் ஓட்டி வந்தார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பணியாரம் வைத்தால் பட்டிக்காடு என்பார்கள் என்று அஞ்சி, ரோசாப்பூப் போட்ட கேக்குக்குச் சொல்லிவைத்த அதே பெண்கள், கிளடிஸ் சொன்ன பக்குவத்தை முத்துமுத்தான எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். வறுத்த பயற்றின் வாசனை வீடெங்கும் பிடிக்கும் என்று எட்டாம் மாடியில் முறைப்பாடு செய்த யூஜினி அன்ரி, வகுப்பில் முதல் வரிசையில் இருந்தார். ஆசிரியைகளுக்கு உதவ வந்தாலும், மாணவரோ சான்றிதழ் பெற்றவரோ அல்லாதவர் பயிற்சிக் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது என்ற விதியினால், யோகமலரும் மாணவியாகப் பதிய நேர்ந்தது. பொரித்தல் சீராக இல்லை என்ற குறிப்புடன் ‘திருப்திகரம்’ என்ற தரத்தில் அவர் தேறினார்.

அடுத்த ஆண்டு ஆவணி மாதம் தாயார் வந்து சேர்ந்தார். வந்த அன்றே சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் கண்டார்.

“உதென்ன, பிள்ளை?”

“எனக்குப் பணியாரம் சுடத் தெரியுமெண்டு தந்தது, அம்மா.”

“ஆர் தந்தது?”

“ஒரு வெள்ளைக்கார மனுசி.”

தாயார் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். “அதுதானே பாத்தன்,” என்றார். “நீ முந்திச் சுடுறதிலும் பாக்க இது திறம்.”

அதே கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு காசோலையும் வந்தது. முன்னூற்று எழுபத்து நான்கு பணியாரத்துக்கான செலவை விநாயகமூர்த்தி பதினாறு மாதங்களுக்கு முன்பே முறைப்படி கோரியிருந்தார். கோப்பில் பிரித்தானியர், ஜப்பானியர் என்ற இரண்டு நிரல்களே இருந்தமையால் தேங்காய்ப்பூவையும் அரிசிமாவையும் ஜப்பானியர் நிரலிலும், சீனியையும் எண்ணெயையும் பிரித்தானியர் நிரலிலும் பதிந்துகொண்டார்கள். பயற்றை எதில் பதிவது என்று தீர்மானிக்கத்தான் இவ்வளவு காலம் பிடித்ததாம். மொத்தம் எண்பத்தாறு டொலர் பதினைந்து சதம். அதில், திருமதி யோகமலர் விநாயகமூர்த்தி பணியாரம் கற்றுக்கொண்டதற்குச் செலுத்தத் தவறிய வகுப்புக் கட்டணம் இருபத்தைந்து டொலர் கழிக்கப்பட்டிருந்தது. மீதி, சதம் பிசகாமல் வந்து சேர்ந்தது: அறுபத்தொரு டொலர் பதினைந்து சதம்.